டாக்டரைத் தெரிந்தால் போதுமா?

கேள்வி: மதுரையில் மெடிக்கல் ரெப்பாக இருக்கிறேன். இந்தக் கம்பெனியில் சேர்ந்து நாலு வருடம் நாலு மாதம் ஆகிறது, சர்க்கரை நோய் மாத்திரைகள்தான் என் டிவிஷன். மாதக் கடைசி டார்கெட் நெருக்கடி, தேனி, ராமநாதபுரம் என்று அலைச்சல், கிளினிக் வாசலில் ராத்திரி பதினொரு மணி வரை காத்துக் கிடப்பது எல்லாம் சலித்துவிட்டது. வீட்டுக்கே நர்ஸ், பிசியோதெரபிஸ்ட் அனுப்பும் ஒரு கம்பெனியில் சேல்ஸ் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். சம்பளம் கிட்டத்தட்ட இதேதான், இன்சென்டிவ் அதிகம் என்கிறார்கள். ஊரில் பெரிய டாக்டர்கள் எல்லாரையும் தெரியும், அதனால் சமாளித்துவிடலாம் என்று நினைக்கிறேன். மனைவியோ, "நர்ஸ் ஏஜென்சி புரோக்கர் வேலையா?" என்கிறார். போகலாமா?

பதில்: போகலாம். ஆனால் டாக்டர்களைத் தெரியும் என்ற தைரியத்தில் மட்டும் போகாதீர்கள், அது அங்கே நீங்கள் நினைக்கிற அளவுக்கு எடுபடாது.

முதலில் கணக்கைப் பாருங்கள். உங்கள் சர்க்கரை மாத்திரையை ஒரு டாக்டர் ஒரு தடவை எழுத ஆரம்பித்துவிட்டால் அந்த நோயாளி மாதாமாதம் அதையே வாங்குவார், வருடக்கணக்கில் வாங்குவார், நீங்கள் ரெண்டு நாள் காய்ச்சலில் படுத்தாலும் ஸ்டாக்கிஸ்டிடமிருந்து, அதாவது மொத்த வியாபாரியிடமிருந்து, சரக்கு போய்க்கொண்டேதான் இருக்கும். வீட்டு மருத்துவச் சேவையில் அப்படிக் கிடையாது. மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொண்டவருக்கு சில வாரம் பிசியோதெரபி, அவர் எழுந்து நடக்க ஆரம்பித்ததும் உங்கள் பில் முடிந்தது. பக்கவாதத்தில் படுத்தவர் தேறுவார், இல்லை தேறாமலே போய்விடுவார், எப்படியானாலும் உங்கள் கணக்கில் ஒரு கேஸ் குறையும். பெரும்பாலும் மாதம் பிறந்தால் திரும்பவும் அடியிலிருந்துதான். டார்கெட் தொல்லையிலிருந்து தப்பிக்கத்தான் போகிறீர்கள் என்றால், மன்னிக்கவும், அது அங்கேயும் உட்கார்ந்திருக்கிறது.

அடுத்தது, வாங்குகிறவர் யார்? மருந்தில் டாக்டர் எழுதினால் வேலை முடிந்தது. இங்கே டாக்டர் "வீட்டுக்குப் போகலாம், ஆனா பார்த்துக்க ஆள் வேணும்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அதற்குப் பிறகு வார்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்: சாயங்காலம் டிஸ்சார்ஜ் சொல்லிவிட்டார்கள், மகன் பில்லிங் கவுன்டரில் நிற்கிறார், மகள் கட்டில் ஓரமாக நின்று, அப்பாவின் மூக்கில் போட்டிருக்கும் ட்யூபில் கஞ்சி எப்படி விடுவது, ராத்திரி அது பிடுங்கிக்கொண்டால் யாரைக் கூப்பிடுவது என்று ட்யூட்டி சிஸ்டரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த மகள்தான் உங்கள் கஸ்டமர். சிஸ்டர், வார்டு இன்சார்ஜ், ஆஸ்பத்திரி பிசியோதெரபிஸ்ட், டிஸ்சார்ஜ் வேலை பார்க்கிறவர், இவர்களில் யாராவது ஒருவர்தான் உங்கள் நம்பரை அவரிடம் கொடுப்பார்கள். ரெப்பாக இருக்கும்போது இவர்களில் எத்தனை பேரிடம் நின்று பேசியிருக்கிறீர்கள்? அங்கே போய், டாக்டரிடம் காட்டுகிற மாதிரி விஷுவல் எய்டை (மருந்து விளக்கப் படங்களை) திறந்து, மளமளவென்று ஒப்பிக்க (டிடெய்லிங்) ஆரம்பித்தால் அந்த மகள் அழுதுவிடுவார். உட்கார்ந்து கேட்கத் தெரிய வேண்டும்.

உங்கள் டாக்டர் லிஸ்ட் சுத்தமாக வீண் என்று சொல்லவில்லை. இந்தத் தொழிலுக்குக் கேஸ் அதிகம் வருவது நியூரோ, ஆர்த்தோ, நுரையீரல், புற்றுநோய், முதியோர் மருத்துவப் பக்கத்திலிருந்து. சர்க்கரை டாக்டர்களிடம் கால் புண்ணுக்கு வீட்டில் டிரெஸ்ஸிங், தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு இன்சுலின் போட்டுவிடுவது என்று கொஞ்சம் கிடைக்கும். அங்கிருந்து ஆரம்பியுங்கள். ஆனால் இப்போதைய கம்பெனியின் டாக்டர் டேட்டாவை லேப்டாப்பிலிருந்து எடுத்துக்கொண்டு போகிற வேலை மட்டும் வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மாத்திரை அட்டைக்குள் இருக்கும், லீவு போடாது. இங்கே நீங்கள் விற்பது ஆட்களை. காலை ஏழு மணிக்கு போன் வரும், "நைட் ஷிஃப்ட் அட்டெண்டர் கிளம்பிட்டாங்க, டே ஷிஃப்ட் ஆள் இன்னும் வரல, நான் ஆபீஸ் போகணும்" என்று. கம்பெனி கால் சென்டருக்குப் போக வேண்டிய போன்தான், ஆனால் நம்பர் கொடுத்தது நீங்கள், அதனால் உங்களுக்குத்தான் வரும், ஞாயிற்றுக்கிழமையும் வரும். அலைச்சல் குறையும், சரி, ராத்திரி வீட்டில் இருப்பீர்கள், ஆனால் போன் தூங்காது. ஆகவே இன்டர்வியூவில் இன்சென்டிவைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் ஆள் பலத்தைக் கேளுங்கள். மதுரையில் மாதச் சம்பளத்தில் எத்தனை நர்ஸ் இருக்கிறார்கள், எத்தனை பேரை வேறு ஏஜென்சியிலிருந்து அன்றன்றைக்குக் கூப்பிடுகிறார்கள், ஒருவர் வராவிட்டால் எத்தனை மணி நேரத்தில் மாற்று ஆள் அனுப்புவார்கள், பெரியவரைப் பார்த்துக்கொள்ள வந்த ஆள் மேல் திருட்டுப் புகார் வந்தால் யார் போய் நிற்பது? இதற்கெல்லாம் மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள், சம்பளம் இரண்டு மடங்கு என்றாலும்.

இன்னொன்று: நர்ஸ் வேறு, அட்டெண்டர் வேறு. ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்சி. நர்சிங் என்று முறையாகப் படித்து நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தவர் ஒருவர். குளிப்பாட்ட, திருப்பிப் படுக்க வைக்க, டயப்பர் மாற்றப் பயிற்சி பெற்றவர் இன்னொருவர். இரண்டு பேருமே தேவைதான், இரண்டுமே கௌரவமான வேலை. ஆனால் சிலர் அட்டெண்டரை அனுப்பிவிட்டு "சிஸ்டர்" என்று பில் போடுகிறார்கள். மூச்சு விடுவதற்காகத் தொண்டையில் துளை போட்டு ட்ரக்கியாஸ்டமி ட்யூப் வைத்த நோயாளிக்குச் சளி உறிஞ்சத் தெரியாத ஆள் போனால் உயிருக்கே ஆபத்து. கேஸ் பிடிக்கிற அவசரத்தில் இதில் பொய் சொல்லச் சொன்னால் செய்யாதீர்கள்.

பணம் பெரும்பாலும் குடும்பத்தின் கையிலிருந்துதான் வரும், பல வீடுகளில் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்புவது. மருத்துவக் காப்பீட்டில் வீட்டுச் சிகிச்சை என்று ஒரு பிரிவு இருந்தாலும் அதற்கு நிபந்தனைகள் உண்டு, பார்த்துக்கொள்ள வரும் ஆளின் கூலியைப் பொதுவாக அதில் கொடுப்பதில்லை. வசதி குறைந்த குடும்பம் என்றால், 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபியும் வலி நிவாரணச் சேவையும் வீட்டுக்கே இலவசமாக வருகிறது என்று நீங்களே சொல்லி அனுப்புங்கள். அன்றைக்கு ஒரு கேஸ் போகும், போகட்டும். அப்புறம், இன்சென்டிவ் பில் போட்டதற்கா, பணம் வந்ததற்கா, மூன்றாம் நாளே கேன்சல் ஆனால் பிடிப்பார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கமிஷன் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மருந்து கம்பெனிகள் டாக்டருக்குப் பரிசு தரக்கூடாது என்று 2024 மார்ச்சில் மத்திய அரசு விதிமுறை வெளியிட்டது உங்களுக்கே தெரியும். வீட்டுச் சேவை அதில் வராது, அதனால் கேட்க ஆளில்லை என்று நினைத்துவிடாதீர்கள். நோயாளியை அனுப்பியதற்காக டாக்டர் கமிஷன் வாங்குவதை மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுங்குமுறையே தடுக்கிறது. "ரெஃபரலுக்கு எவ்வளவு கொடுப்பீர்கள்?" என்று கம்பெனியிடம் நேராகக் கேளுங்கள். அந்தக் கமிஷன் கவரை டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறவர் நீங்கள்தானா என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும். உங்கள் மனைவி கேட்ட புரோக்கர் கேள்விக்கும் அதுதான் பதில்.

கடைசியாக, அவசரப்பட்டு ராஜினாமா கடிதம் கொடுத்துவிடாதீர்கள். ஐந்து வருடம் முடிந்தால் வேலையை விடும்போது கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு, வருடத்துக்கு 15 நாள் கணக்கில் கிட்டத்தட்ட மூன்று மாத அடிப்படைச் சம்பளம். ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு உண்டு, ஆனால் அதைக் காட்டி வாங்க நீங்கள் அலைய வேண்டியிருக்கும். ஐந்து வருடம் முடிய இன்னும் எட்டு மாதம்தான், புதிய கம்பெனியிடம் அந்த எட்டு மாதத்தைக் கேட்டுப் பாருங்கள், நோட்டீஸ் காலத்தையும் அதற்குள்ளேயே முடித்துக்கொள்ளலாம். அதுவரை வாரத்தில் ஒரு சாயங்காலம், எந்த மருந்தையும் விற்காமல், ஏதாவது ஒரு நியூரோ வார்டு பக்கம் போய் சிஸ்டர்களிடம் பேசிவிட்டு வாருங்கள்.