ஹட்டனில் எட்டு மாத சுசுகி ஆல்டோ காருக்கு என்ன விலை சொல்லலாம்?

9,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, வாங்கிய விலையே கேட்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்கலாம், கிடைக்காது. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றபோது பழைய கார்கூட வாங்கிய விலையைத் தாண்டிப் போனது. 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்துவிட்டது. அந்தக் கணக்கு இனி செல்லாது.

நீங்கள் கொடுத்த தொகையை மறந்துவிடுங்கள். இதே கார் இன்று ஷோரூமில் என்ன விலை? அதுதான் உச்சவரம்பு. டொலரும் வரியும் மாறினால் அதுவும் மாறும். பிறகு இக்மன், ரியசெவன என்ற இரண்டு இணைய விளம்பரத் தளங்களிலும் அதே வருடம், அதே கிரேட் (மாடலின் வகை) கார்களாகப் பத்து விளம்பரம் எடுங்கள். மேலே இரண்டு, கீழே இரண்டைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். இரண்டு வாரமாகியும் கிடக்கும் விளம்பரம் என்றால், அந்த விலைக்கு ஆளில்லை என்று அர்த்தம்.

நம் மலைநாட்டில் ஓடிய காரில் வாங்க வருபவர் முதலில் பார்ப்பது கிளட்ச். ஏற்றத்தில் மூன்றாம் கியரில் எக்ஸலரேட்டரை அழுத்துங்கள். எஞ்சின் இரைச்சல் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. அதற்கான செலவை விலையில் கழிப்பார்கள். வளைவுகளில் முன் டயரின் ஓரம் தேயும், தோட்டத்து ரோட்டுக் கல் அடியில் கீறும். விரலால் தடவிப் பாருங்கள்.

கார் லீசிங் கடனில் இருந்தால், அதை முழுதாக முடிக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். விற்ற விலையில் அது போக மிச்சம்தான் உங்கள் கைக்கு. பதிவுப் புத்தகத்தில் லீசிங் கம்பெனியின் பெயர் நீங்காமல் பெயர் மாற்ற முடியாது. தரகர்கள் விலையைக் குறைக்கப் பிடிக்கும் முதல் பிடியே அதுதான்.