கப்பிக் கணக்கு: கட்டை நகருமா என்பதை முதலில் பாருங்கள்

கேள்வி: மேசைமேல் 4 கிலோ கட்டை. அதில் கட்டிய கயிறு கப்பி வழியாகப் போய் 1 கிலோ எடைக்கல்லைத் தாங்குகிறது. ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.4, இயக்க உராய்வுக் குணகம் 0.2. ஓய்விலிருந்து விட்டால் முடுக்கம் என்ன? எனக்கு 0.4 மீ/வி² வருகிறது, விடையில் பூஜ்யம் என்றிருக்கிறது.

பதில்: விடை சரிதான். உங்கள் கூட்டல் கழித்தலிலும் பிழை இல்லை. புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்து, 10 நியூட்டன் இழுப்பில் 8 நியூட்டன் உராய்வைக் கழித்து, மொத்த நிறை 5 கிலோவால் வகுத்திருக்கிறீர்கள். ஆனால் அந்த 8 இயக்க உராய்வு. கட்டை நகர ஆரம்பித்த பிறகுதான் அதற்கு வேலை. இந்தக் கணக்கில் மாட்டிக்கொள்வது சுலபம், ஏனென்றால் தப்பான விடையும் பார்க்க நம்பும்படியே இருக்கிறது.

முதலில் கட்டை நகருமா என்று பாருங்கள். கட்டையின் எடை 4 × 10 = 40 நியூட்டன், எனவே ஓய்வுநிலை உராய்வு அதிகபட்சம் 0.4 × 40 = 16 நியூட்டன் வரை தாக்குப்பிடிக்கும். இழுப்பதோ 10 நியூட்டன்தான். கட்டை அசையாது. அப்போது உராய்வு எவ்வளவு? 16 என்று எழுதிவிடாதீர்கள், 10தான். ஓய்வுநிலை உராய்வு தேவைப்படும் அளவுக்கு மட்டுமே எழும். 16 என்பது அதன் எல்லை. கயிற்றின் இழுவிசையும் 10 நியூட்டன். (கட்டையை லேசாகக் கப்பிப் பக்கம் தள்ளி நகரவிட்டால் கதையே வேறு, உங்கள் 0.4 அப்போது சரியான விடை.)

இப்போது 2 கிலோ கல்லைத் தொங்கவிடுங்கள். இழுப்பு 20, எல்லை 16. கட்டை நகரும். இனி இயக்க உராய்வு: (20 − 8) ÷ 6 = 2 மீ/வி². இழுவிசை 20 என்று நினைக்கவே கூடாது; கல் முடுக்கத்தோடு இறங்குவதால் அது 2 × (10 − 2) = 16 நியூட்டன். கட்டைப் பக்கமும் சரிபாருங்கள்: 16 − 8 = 8 = 4 × 2. இரண்டு பக்கமும் ஒத்துப்போகாவிட்டால் எங்கோ குறி தவறியிருக்கிறது.

சாய்தளம் வந்தால் உராய்வின் திசையிலும் கவனம் வேண்டும். சரிவு வழியே கட்டையை இறக்கும் எடைக்கூறு ஒருபக்கம், தொங்கும் எடை மறுபக்கம். எது பெரிதோ அந்தப் பக்கம் கட்டை நகரப் பார்க்கும், உராய்வு அதற்கு எதிர்ப்பக்கம். இரண்டின் வித்தியாசம்தான் எல்லையைத் தாண்ட வேண்டும்.

இதெல்லாம் நிறையற்ற, அச்சில் உராய்வில்லாத கப்பிக்கு. அப்படி இல்லையென்றால், கப்பி சுழன்று முடுக்கமடையும்போது அதன் இருபுறமும் இழுவிசை வேறு வேறாக இருக்கும், கப்பிக்கென்று தனியாக ஒரு திருப்புவிசைச் சமன்பாடு எழுத வேண்டும்.