ஒட்டாத மை

அன்புள்ள ஐயா,

நான் மண்ணடியில் ஒரு ஆஃப்செட் பிரஸ்ஸில் மெஷின்மேன். வீடு பழைய வண்ணாரப்பேட்டை. ஓவியம் பற்றி நீங்கள் எழுதுவதைப் படிப்பேன், பாதி புரியும். என் அக்கா மகள் பெரியமேடு ஓவியக் கல்லூரியில் பிரிண்ட்மேக்கிங், அதாவது கையால் அச்சுப் படம் எடுக்கும் கலை, படிக்கிறாள். போன மாதம் அவர்கள் வைத்த கண்காட்சிக்குப் போயிருந்தேன். பெரும்பாலும் அரூபப் படங்கள், முகம், பொருள் என்று எதுவும் அடையாளம் தெரியாதவை. எங்கள் மெஷினுக்கு அடியில் விரித்திருக்கும் கோணியில் படிகிற மைக்கறை மாதிரிதான் எனக்குத் தெரிந்தது. அவளிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை.

பெயிண்டிங் வரைகிறவர் எதற்காக அச்சுக்கு வர வேண்டும்? முகமோ பூவோ என்றால் நாலு பேருக்குப் போய்ச் சேரட்டும் என்று அச்சடிக்கலாம். ஒன்றுமே இல்லாத படத்துக்கு எதற்கு இருபது பிரதி? ஒவ்வொன்றின் கீழும் பென்சிலில் 4/20, 5/20 என்று வேறு எழுதியிருக்கிறார்கள். நாங்கள் மணிக்கு ஆயிரக்கணக்கில் ஓட்டுகிறோம், எதற்கும் நம்பர் போடுவதில்லை. இன்னொன்று. அவளுக்கு உதவியாக இருக்கட்டும் என்று ஒரு கட்டு ஆர்ட் பேப்பர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "மாமா, இது தண்ணியில போட்டா போச்சு" என்று சிரிக்கிறாள். பேப்பரை எதற்குத் தண்ணீரில் போட வேண்டும்?

(பெயர் வேண்டாம்)
பழைய வண்ணாரப்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

இந்தக் கேள்விகளை என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் ரோலர் என்றால் என்ன, மை எப்படி ஏறுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். உங்களுக்கு அது தேவையில்லை. சொல்லப்போனால் உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி உங்கள் மெஷினிலேயே இருக்கிறது.

பேப்பரில் தொடங்குகிறேன். மழைக்காலத்தில் மண்ணடியில் கடல்காற்று உள்ளே வந்து பேப்பர் ஈரம் குடித்துவிடுகிறது. ஓரம் நெளிகிறது, தாள் விரிகிறது, இரண்டாவது கலர் முதல் கலர்மேல் உட்கார மாட்டேன் என்கிறது, ரிஜிஸ்டர் போகிறது. உங்களுக்கு அந்த ஈரம் தலைவலி. எட்சிங் செய்கிறவர்கள், அதாவது உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்செடுப்பவர்கள், அதே ஈரத்தை வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள். அவர்கள் தகட்டில் மை மேற்பரப்பில் இல்லை, அமிலம் அரித்த கோடுகளுக்குள் இருக்கிறது. மேலே இருப்பதைத் துணியால் துடைத்து எடுத்துவிடுவார்கள். காய்ந்த விறைப்பான தாள் அந்தப் பள்ளத்துக்குள் இறங்காது. அதனால் தாளை நீரில் ஊறவைத்து, ஒற்றி எடுத்து, தகட்டின்மேல் விரித்து, அதற்குமேல் கம்பளி போட்டு, இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே அழுத்திச் செலுத்துகிறார்கள். பஞ்சுக்கூழில் செய்த தாள் இதைத் தாங்கும். ஆர்ட் பேப்பரின் பளபளப்புப் பூச்சு தண்ணீரில் இளகிப்போகும். உங்கள் மருமகள் சிரித்தது அதற்குத்தான். அவள் அனுமதித்தால் அந்தப் படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கோடு மேடாக எழும்பி நிற்கும். படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு தாளில் குழிந்திருக்கும். உங்கள் மெஷினில் பிளேட்டுக்கும் தாளுக்கும் நடுவே ரப்பர் பிளாங்கெட் இருந்து மையை வாங்கிக் கொடுப்பதால் தாள் பிளேட்டைத் தொடுவதே இல்லை. அங்கே தாள் தகட்டுக்குள் போய்விட்டு வருகிறது.

சரி, மைக்கு வருவோம். நாலு கலர் மெஷினில் ஈரத்தின்மேல் ஈரமாக ஓட்டும்போது முதலில் இறங்கும் மைதான் அதிகப் பிசுக்குள்ளதாக இருக்க வேண்டும், பின்னால் வருவது ஒவ்வொன்றும் அதைவிட இளக்கமாக இருக்க வேண்டும். இதை மாற்றிப் போட்டால் பின்னால் வரும் கெட்டியான மை முன்னால் போன இளகிய மைமேல் ஒட்டாது. "கலர் ஏறலை" என்று மெஷினை நிறுத்துவீர்கள். இந்தக் கோளாறையே ஒரு முறையாக மாற்றியவர்கள் இரண்டு இந்தியர்கள்.

கிருஷ்ணா ரெட்டி 1925-இல் சித்தூர்ப் பக்கம் பிறந்தவர். சாந்திநிகேதனில் படித்துவிட்டு, 1940-களின் கடைசியில் நம்மூர் கலாக்ஷேத்ராவில் ஓவியப் பிரிவைப் பார்த்துக்கொண்டார். பிறகு லண்டன், அங்கிருந்து பாரிஸ். பாரிஸில் ஸ்டான்லி வில்லியம் ஹேட்டர் என்ற ஆங்கிலேயர் நடத்திய அச்சுப் பட்டறைக்கு ஆட்லியே 17 என்று பெயர். அங்கே ரெட்டியும், கைகோ மோட்டி என்ற இன்னொரு இந்தியரும் சேர்ந்து கண்டுபிடித்தது இது. தகட்டை ஒரே மட்டமாக விடாமல் பல ஆழங்களில் செதுக்குவது, அரிக்கவிடுவது. ரெட்டி சிற்பமும் படித்தவர், அது தகட்டில் தெரியும். முதலில் பள்ளங்களில் ஒரு மை. அடுத்து, எண்ணெய் கலந்து இளக்கிய மையைக் கெட்டியான ரோலரில் எடுத்து உருட்டினால் அது மேட்டை மட்டும் தொடும். அதற்கடுத்து, கெட்டியான மையை மெத்தென்ற ரோலரில் எடுத்து அழுத்தி உருட்டினால் அது கீழ்மட்டம்வரை இறங்கும். ஏற்கெனவே இளகிய மை இருக்கும் இடத்தில் மட்டும் ஒட்டாது. கலர்கள் ஒன்றோடொன்று குழம்பாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒரே தகடு, பிரஸ்ஸில் ஒரே ஓட்டம், எல்லாக் கலரும் ஒன்றாக. நாலு பிளேட்டோடு மல்லுக்கட்டுகிற உங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

1963-இல் அவர் செய்த 'நீர்ச்சுழல்' இந்த வழியில் வந்தது. தண்ணீரை வரைந்த படம் என்று அதைச் சொல்ல முடியாது. மையத்தை நோக்கி எல்லாம் இழுபடுகிறது, இழுபடும்போதே உடைகிறது. தூரிகையால் இதே நீலத்தையும் பச்சையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் அங்கே ஒரு கை தெரிந்திருக்கும். இதில் எந்த நிறம் எங்கே நிற்க வேண்டும் என்பதில் தகட்டின் ஆழத்துக்கும் எண்ணெயின் அளவுக்கும் பங்கு இருக்கிறது. எல்லாவற்றையும் கை முடிவு செய்யவில்லை.

பெயிண்டிங் வரைகிறவர் ஏன் இங்கே வர வேண்டும் என்று கேட்டீர்களே, என் பதில் அதுதான். அரூப ஓவியருக்கு எதிரே மாதிரி என்று ஒன்று கிடையாது. முகம் வரைகிறவனை முகம் திருத்தும், மூக்கு கோணினால் தெரிந்துவிடும். அரூபத்தில் கையை மறுத்துப் பேச ஆளில்லை. கொஞ்ச நாளில் கைக்கு ஒரு லாவகம் வந்துவிடும், அந்த லாவகம் தன்னையே திரும்பத் திரும்பப் போடும். ஓவியர்களில் விவரமானவர்கள் இதற்குப் பயப்படுவார்கள். தகடும் மரமும் அமிலமும் மறுத்துப் பேசுகின்றன. வலது இடதாகிறது. போட்ட கோட்டின் பலன் உடனே தெரிவதில்லை, அரித்து, மை போட்டு, ஓட்டி, தாளை உரித்தால்தான் தெரியும்.

நியூயார்க் ஓவியர் ஹெலன் ஃபிராங்கன்தாலரை எடுத்துக்கொள்ளுங்கள். கித்தானைத் தரையில் விரித்து, நீர்த்த வண்ணத்தை ஊற்றி, அது ஊறிப் பரவுவதையே ஓவியமாக்கியவர். 1952-இல் இப்படித் தொடங்கியபோது அவருக்கு 23 வயது. ஊற்றிப் பழகிய அவர் 1973-இல் மர அச்சுக்கு வந்தார். ஊற்ற முடியாத பொருள் மரம். ரம்பத்தால் பலகையைத் துண்டு துண்டாக அறுத்து, தனித்தனியாக மை போட்டுச் சேர்த்தார். பிறகு வருடக்கணக்காக அந்த மரத்தோடு மல்லாடினார், பல்மருத்துவரின் கருவி, உப்புத்தாள், துருவி எல்லாவற்றாலும் சுரண்டினார். 2000-இல் வந்த அவருடைய 'மேடம் பட்டர்ஃபிளை' மூன்று தாள்களில் ஆறடிக்கு மேல் அகலம். 46 மரக்கட்டைகள், 102 நிறங்கள். ரிஜிஸ்டரை நினைத்துப் பாருங்கள்! பார்த்தால் யாரோ தண்ணீரை ஊற்றிவிட்டுப் போனதுபோல் இருக்கும். ஃபிரெஞ்சு ஓவியர் பியர் சூலாழ் அமிலத்தில் தகட்டை அதிகம் விட்டு அது ஓட்டையாகிவிட்டபோது தகட்டைத் தூக்கிப் போடவில்லை. ஓட்டை வழியே தாளின் வெள்ளை கறுப்புக்கு நடுவே வெறுமனே நின்றது. அப்புறம் தகட்டின் ஓரங்களையே வேண்டுமென்று ஒழுங்கில்லாமல் அரிக்கவிட்டார்.

இதிலிருந்து 'பிரதி' விஷயம் தெளிவாகிவிடும் என்று நினைக்கிறேன். உங்களிடம் வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட ப்ரூஃப் இருக்கிறது, அதற்கு நிறம் பொருந்த வேண்டும். இவர்களிடம் பொருத்திப் பார்க்க வேறொன்று இல்லை. தகடு படமில்லை, அதில் மை போட்டு உரித்த தாள்தான் படம். ஒவ்வொரு தாளுக்கும் மறுபடி கையால் மை போட்டுத் துடைக்க வேண்டும், அதனால் நாலாவதும் ஐந்தாவதும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. பென்சில் எண் சொல்வது, இத்தோடு இருபதுதான், இதற்குமேல் இந்தத் தகட்டில் எடுக்க மாட்டேன் என்பது. மென்மையான கோடுகள் அழுத்தத்தில் தேய்ந்துபோவதும் ஒரு காரணம். சந்தையும் ஒரு காரணம், மறைப்பானேன். பெயிண்டிங்கைப் புகைப்படம் எடுத்து இங்க்ஜெட்டில் அடித்து, கீழே 4/100 என்று பென்சிலில் எழுதி விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே உங்கள் சந்தேகம் முழுக்க நியாயம். அது நீங்கள் செய்வதைவிட மோசமான அச்சு, விலை மட்டும் பல மடங்கு.

மைக்கறை என்று தோன்றியதை அவளிடம் தாராளமாகச் சொல்லலாம். மாணவர் கண்காட்சி எதுவானாலும் பாதி வெறும் கறையாகத்தான் இருக்கும். அமிலம் ஏமாற்றும். தகட்டை எப்படிப் போட்டாலும் அழகான சொரசொரப்பைக் கொடுத்துவிடும், மாணவர்கள் அதில் மயங்குவார்கள். நான் பார்ப்பது ஒன்றே ஒன்று, எங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்று. தாள் முழுக்க ஒரே மாதிரி அழகு பரவியிருந்தால் அது அமிலத்தின் வேலை. எங்காவது துடைத்து வெள்ளையாக விட்டிருந்தால், ஒரு கோடு போகப்போய்ச் சட்டென்று நின்றிருந்தால், அங்கே ஒரு ஆள் இருக்கிறார். தேவகோட்டையில் பிறந்து இதே கல்லூரியில் படித்த ஆர்.எம். பழனியப்பனின் அச்சுப் படங்களை எங்காவது பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். பறக்கும் பொருளின் தடம்போல ஒரு கோடு போகும். அது எங்கே திரும்ப வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு சந்தேகமும் இருக்காது.

அந்தக் கல்லூரி உங்கள் பிரஸ்ஸிலிருந்து நடக்கும் தூரத்தில் தொடங்கியது என்பது தெரியுமா? 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற வெள்ளைக்கார டாக்டர் பிராட்வேயில் சொந்த முயற்சியில் ஆரம்பித்த பள்ளி அது. பிறகுதான் அரசு எடுத்துக்கொண்டது.

உங்கள் மருமகள் விஷயத்தில் எனக்கு உண்மையான கவலை ஒன்று உண்டு. படிப்பு முடிந்தபின் அவள் எந்தப் பிரஸ்ஸில் ஓட்டுவாள்? பெயிண்டருக்கு ஒரு மூலை போதும். எட்சிங் பிரஸ்ஸை வண்ணாரப்பேட்டை மாடிவீட்டில் ஏற்ற முடியாது, அமிலத்தை வீட்டில் வைக்கவும் கூடாது. இங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியில் வெளி ஓவியர்கள் வேலை செய்ய கிராஃபிக்ஸ் பட்டறை, அதாவது இந்த மாதிரி அச்சு வேலைக்கான பட்டறை, இருக்கிறது. கடைசி வருடம் முடியும்வரை காத்திருக்காமல் இப்போதே போய் விசாரித்து வைக்கச் சொல்லுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் மெஷின் நிற்கும்போது அவளையும் கூட்டிப்போய் ரோலர்களைக் காட்டுங்கள். மையில் எவ்வளவு எண்ணெய் விட்டால் எவ்வளவு இளகும் என்று உங்கள் விரலுக்குத் தெரிந்த அளவுக்கு அவளுடைய ஆசிரியர்களுக்குத் தெரியுமா என்பது சந்தேகம்தான்.

அன்புடன்.