ராபர்ட்டோ என்ற முழுப் பெயர்

அன்புள்ள தம்பிக்கு,

பிட்ஸ்பர்க்குக்கு வந்து மூன்று மாதமாகிறது, அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு வேளையில் பேஸ்பால் பேச்சுத்தான் ஓடுகிறது, கிளெமென்டே என்ற பெயர் வந்தால் எல்லோருடைய குரலும் தணிந்துவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பெயரைச் சுருக்கி ‘சாம்’ என்று அழைக்கிறார்கள், ஒருவர் உங்கள் உச்சரிப்பை அப்படியே திரும்பச் சொல்லிக் காட்டுகிறார், இவர்களோடு ஒட்ட என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டையும் தனித்தனிச் சங்கடங்களாக எழுதியிருக்கிறீர்கள். 22 ஆண்டுகளாக இந்த ஊரில் வாழும் எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன.

ராபர்ட்டோ கிளெமென்டே 1934-இல் போர்ட்டோ ரிக்கோத் தீவின் கரோலினா என்ற ஊரில் பிறந்தார். தந்தை கரும்புத் தோட்ட மேஸ்திரி. ஏழு பிள்ளைகளில் இவர் கடைக்குட்டி. புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி 10,000 டாலர் கொடுத்து இவரை ஒப்பந்தம் செய்துவிட்டு, மான்ட்ரியாலில் இருந்த கிளை அணியில் அதிகம் ஆடவிடாமல் வைத்திருந்தது. 1954 இறுதியில் லீக் விதி ஒன்றைப் பயன்படுத்திப் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி 4,000 டாலருக்கு இவரை எடுத்துக்கொண்டது. 1955 ஏப்ரல் முதல் 18 சீசன்கள் வேறெந்த அணிக்கும் போகாமல் இங்கேயே ஆடினார்.

அவர் உங்களையும் என்னையும் போல விசாவில் வந்தவர் அல்லர். போர்ட்டோ ரிக்கோ மக்கள் 1917 முதலே அமெரிக்கக் குடிமக்கள். ஆனாலும் கறுப்பர், ஸ்பானிய மொழிக்காரர் என்ற இரண்டு காரணங்களாலும் அவரை அந்நியராகவே நடத்தினார்கள். ஃபுளோரிடாவில் பயிற்சி முகாம் நடந்த நாட்களில், வெள்ளை ஆட்டக்காரர்கள் உணவகத்துக்குள் சாப்பிட, இவர் மற்றக் கறுப்பு ஆட்டக்காரர்களோடு பேருந்திலேயே காத்திருக்க வேண்டியிருந்தது. வானொலி வருணனையாளர்களும் பேஸ்பால் படச்சீட்டுகளும் அவர் பெயரை ஆங்கிலப் பாணியில் ‘பாப்’ (Bob) என்று மாற்றினார்கள். நிருபர்கள் அவருடைய ஆங்கிலத்தை, உச்சரிப்பைக் கேலி செய்யும் எழுத்துக்கூட்டலோடு செய்தித்தாளில் அச்சிட்டார்கள். என் பெயர் ராபர்ட்டோ என்று அவர் சலிக்காமல் திருத்திக்கொண்டே இருந்தார். கோபக்காரர், தலைக்கனம் பிடித்தவர் என்று பட்டம் கட்டியபோதும் அவர் அதை விடவில்லை.

நீங்கள் கிரிக்கெட் பார்த்து வளர்ந்திருப்பீர்கள் என்பதால் ஆட்டத்தைப் பற்றி ஒரு விளக்கம். பேஸ்பாலில் பத்து முறை மட்டை பிடித்து மூன்று முறை ஹிட் அடித்தாலே, அதாவது பந்தை அடித்து, பேஸ் எனப்படும் ஓட்ட நிலை ஒன்றை ஆட்டமிழக்காமல் அடைந்தாலே, தேர்ந்த ஆட்டக்காரர் என்பார்கள். கிளெமென்டேயின் வாழ்நாள் சராசரி .317, அதாவது ஆயிரம் முறைக்கு 317 ஹிட்; நான்கு ஆண்டுகள், இரு பெரிய லீகுகளில் ஒன்றான நேஷனல் லீகிலேயே அதிகச் சராசரி இவருடையதுதான். ஆனால் இந்த ஊர்ப் பெரியவர்கள் முதலில் பேசுவது அவருடைய கையைப் பற்றித்தான். வலப்பக்க எல்லைச் சுவரோரம் பந்தை எடுத்து, தரையில் படாமல் மூன்றாம் பேஸுக்கு எறிவார்; பவுண்டரிக் கோட்டிலிருந்து நேராக ஸ்டம்புக்கு எறிவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபீல்டிங்குக்கான தங்கக் கையுறை விருதைத் தொடர்ந்து 12 ஆண்டுகள் பெற்றார்.

1960-இல் பைரேட்ஸ், ஆண்டின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்றபோது ஏழு ஆட்டங்களிலும் ஹிட் அடித்த இவருக்கு, அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் தேர்வில் எட்டாம் இடம்தான் கிடைத்தது. அந்தக் காயம் நெடுங்காலம் ஆறவில்லை. 1966-இல்தான் அவ்விருது வந்தது. பிறகு 1971. பால்டிமோர் அணிக்கு எதிரான உலகத் தொடரில், 37 வயதில், மறுபடியும் ஏழு ஆட்டங்களிலும் ஹிட் அடித்து, .414 சராசரியோடு தொடரின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். வென்றதும் தொலைக்காட்சிக்காரர் ஒலிவாங்கியை நீட்டினார். நாடு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆங்கிலத்தில் பேசுவதற்கு முன், அவர் ஸ்பானிய மொழியில் தம் பிள்ளைகளுக்கு ஆசி கூறி, தம் பெற்றோரிடம் ஆசி கேட்டார். அந்தப் பதிவை நான் எத்தனை முறை பார்த்திருந்தாலும் அந்த இடம் வரும்போது என் கண் நிறைந்துவிடுகிறது. ஊரில் என் அப்பாவும் அம்மாவும் இருந்த காலத்தில், இங்கே எந்த நல்ல செய்தி வந்தாலும் முதலில் அவர்களுக்குத்தான் தொலைபேசியில் சொல்வேன்.

1972 செப்டம்பர் 30 அன்று தம் 3,000-ஆவது ஹிட்டை அடித்தார். டிசம்பர் 23-இல் நிகரகுவாவின் மனாகுவா நகரை நிலநடுக்கம் குலைத்தது. அவர் திரட்டி அனுப்பிய நிவாரணப் பொருள்கள் மக்களைச் சேராமல் அதிகாரத்தில் இருந்தவர்களின் கைக்குப் போவதாகக் கேள்விப்பட்டு, தாம் நேரில் போனால் தடுக்க மாட்டார்கள் என்று நம்பி, டிசம்பர் 31 இரவு பாரம் மிகுந்த ஒரு பழைய விமானத்தில் ஏறினார். போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானிலிருந்து கிளம்பிய சற்று நேரத்தில் அது கடலில் விழுந்தது. அவரும் உடன் சென்ற நால்வரும் இறந்தார்கள். அவர் உடல் கிடைக்கவேயில்லை. அணித் தோழர் மானி சாங்கியென் இரங்கல் கூட்டத்துக்குப் போகாமல் அந்தக் கடலில் மூழ்கித் தேடிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு வேளையில் குரல்கள் தணிவது இதனால்தான்.

என் முதல் வேலையில் மேலாளர் ஒருவர் நான் சொன்ன சொல்லை என் உச்சரிப்பிலேயே திரும்பச் சொல்ல, அறையில் இருந்த அனைவரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்து இன்றும் வருந்துகிறேன். பல ஆண்டுகளுக்குப் பிறகு மகளைப் பார்க்கப் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது, போஸ்வார் கட்டடத்தின் தரையில், கண்ணாடிக்கு அடியில், பைரேட்ஸ் முன்பு ஆடிய ஃபோர்ப்ஸ் மைதானத்தின் ஹோம் பிளேட்டை, அதாவது மட்டையாளர் நிற்கும் இடத்தில் தரையில் பதித்த பலகையை, கண்டேன். ஒரு சாண் அளவு கூட நகராமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாணவர்கள் அதன்மேல் காபிக் கோப்பையோடு நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். பெயருக்காக வாதாடிய ஒரு மனிதர் மட்டையோடு நின்ற இடம் அது. மறுவாரம் அலுவலகத்தில் என் முழுப் பெயரை, அசை பிரித்து, எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் பழகிக்கொண்டார்கள்.

நீங்களும் சொல்லிக் கொடுங்கள். கேலி செய்பவரைத் தனியே அழைத்து, அது வேண்டாம் என்று நேராகச் சொல்லுங்கள். அதோடு மேசையில் இருக்கும் மூத்தவர் ஒருவரிடம், கிளெமென்டே ஆடியதை நேரில் பார்த்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். ஏப்ரலில் ஆட்டங்கள் தொடங்கியதும் நாம் சேர்ந்து போகலாம். ஆட்ட நாளில் அவர் பெயர் தாங்கிய பாலத்தில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், அரங்கம் வரை நடந்தே போகலாம். வலப்பக்கச் சுவரின் உயரம் 21 அடி, அவருடைய சட்டை எண். ஆற்றுக் காற்று குளிரும். தடிமனான மேலாடை எடுத்து வாருங்கள்.