கேஸ் ஷீட் பேசும்

கேள்வி: என் மகள் தஞ்சாவூரில் ஹவுஸ் சர்ஜன். ‘நாளைக்கு யாராவது கேஸ் போட்டுவிட்டால்?’ என்று பயந்தே தூக்கத்தைத் தொலைக்கிறாள். இதற்கெல்லாம் பயிற்சி உண்டா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: கட்டாயம் கொடுக்க வேண்டிய பயிற்சி அம்மா இது. வார்டில், நோயாளியின் சிகிச்சைக் குறிப்பான கேஸ் ஷீட்டிலிருந்தே தொடங்க வேண்டும். விசாரணை வரும்போது அந்த ராத்திரி யாருக்கும் நினைவிருக்காது. எழுதியது மட்டும்தான் மிஞ்சும்.

வயல்வேலைக் காலத்தில் வரும் பாம்புக்கடியையே பாருங்கள். ‘ஏ.எஸ்.வி. (பாம்பு விஷமுறிவு மருந்து) போட்டாச்சு’ என்ற ஒற்றை வரி போதாது. கடித்த நேரம், வந்த நேரம், உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம் 20 நிமிடத்தில் உறைந்ததா, எத்தனை குப்பி, எத்தனை மணிக்கு என எல்லாம் வேண்டும். இல்லாத அறிகுறியையும் ‘இல்லை’ என்று எழுத வேண்டும். கட்டுவிரியன் கடித்தால் பல் தடம்கூடத் தெரியாமல் போகலாம்; விஷத்தின் அறிகுறியாக இமை சரிவதற்குச் சில மணி நேரம் ஆகலாம். ‘2.10: இமை சரியவில்லை. 3.10: சரிகிறது, சீனியருக்குப் போன் செய்தேன்’ என்ற இரண்டு வரி, நோயாளியை விட்டு நகரவில்லை என்பதற்குச் சாட்சி. சீனியரிடம் சொன்ன நேரம்தான் அவசரத்தில் விட்டுப்போகும்.

தப்பாக எழுதினால் ஒற்றைக் கோடு போதும். பழைய எழுத்து தெரிய வேண்டும், பக்கத்தில் கையெழுத்து, தேதி, நேரம். ஒயிட்னர் பட்ட தாள் நல்ல சிகிச்சையையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும். நோட்டீஸ் வந்தபின் கேஸ் ஷீட்டில் ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது. தானாகப் பதில் எழுதாமல் யூனிட் சீஃபிடமும் டீனிடமும் உடனே சொல்ல வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் பதில் தர 30 நாள். மிஞ்சினால் இன்னும் 15.

சம்மதப் படிவத்தில் ரேகை மட்டும் வாங்கினால் ஆகாது. தமிழில் விளக்கி, என்ன சொன்னோம் என்று குறிக்க வேண்டும். பரிசோதனைக்குத் தந்த சம்மதம் கருப்பையை அகற்றுவதற்குச் செல்லாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

கல்லூரிகள் மாதம் ஒரு மணி நேரம் ஒதுக்கட்டும். பெயரை மறைத்த பழைய கேஸ் ஷீட்டை வைத்து, ஒரு வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்யட்டும். ‘இந்த 40 நிமிடம் எங்கே இருந்தீர்கள்?’ என்று ஒருமுறை கேட்கப்பட்டவர், அடுத்த டியூட்டியில் நேரம் எழுதாமல் நகர மாட்டார்.

மகளிடம் இதையும் சொல்லுங்கள்: சிகிச்சை பலிக்காமல் போவதே குற்றம் ஆகாது. கிரிமினல் வழக்குக்கு மிக மோசமான அலட்சியம் இருக்க வேண்டும் என்பது 2005-ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

கேள்வி: நோயாளி தரப்பில் கேஸ் ஷீட் நகல் கேட்டால்?
– வாசகர், மன்னார்குடி

பதில்: 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனை தர வேண்டும். நகல் கேட்பவர் எழுதிக் கொடுத்து, கேட்ட தேதிக்கு ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும்.