எம்.ஃபில் செல்லுமா, எம்.எஸ் மட்டமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

என் மகள் 2019-இல் எம்.ஃபில் முடித்தாள். இப்போது அந்தப் பட்டமே செல்லாது என்கிறார்களே?

செல்லும், கவலை வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் கொண்டுவந்த விதிகள் எம்.ஃபில் படிப்பைத்தான் நிறுத்தின. அதற்கு முன் வாங்கிய பட்டங்களை அவை தொடவில்லை. மருத்துவ உளவியல் போன்ற ஓரிரு படிப்புகளுக்கு மட்டும் பிறகு கொஞ்சம் அவகாசம் கிடைத்தது. மற்றபடி யாராவது எம்.ஃபில் சேர்க்கை என்று விளம்பரம் செய்தால் பணம் கட்டிவிடாதீர்கள்.

ஆனால் எம்.ஃபில்லை மட்டும் வைத்துக்கொண்டு உதவிப் பேராசிரியர் ஆக முடியாது. அதற்கான தகுதித் தேர்வுகளான நெட் (தேசிய அளவு) அல்லது செட் (மாநில அளவு) தேர்ச்சி வேண்டும். இல்லையென்றால் விதிப்படி பெற்ற பிஎச்.டி வேண்டும். எம்.ஃபில்லில் 55 சதவீதம் இருந்தால் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். மகளுக்கு ஆய்வில் ஆசை இருந்தால் அந்த உழைப்பு அங்கே கைகொடுக்கும். இத்தனை வருடம் படித்த பிள்ளையை, பட்டம் வீண் என்று சொல்லி யாரும் பயமுறுத்த வேண்டாம்.

சென்னை ஐஐடியில் தம்பிக்கு எம்.எஸ் கிடைத்திருக்கிறது. எம்.டெக்கைவிட மட்டமா?

இல்லவே இல்லை. அங்கே எம்.எஸ் என்பது ஆய்வுப் பட்டம். பாடங்கள் குறைவு, ஒரே பிரச்சினையில் ஆழமாக இறங்கி ஆய்வேடு எழுத வேண்டும். எம்.டெக்கில் பாடங்கள் அதிகம், கடைசியில் புராஜெக்ட். பிஎச்.டி.தான் குறி என்றால் எம்.எஸ் நல்ல வழி. எம்.எஸ் படிப்பவரின் காலமும் மனநிலையும் வழிகாட்டியைப் பொறுத்தவை. அதனால் சேருமுன் அவருடைய பழைய மாணவர்கள் இரண்டு பேரிடம் பேசச் சொல்லுங்கள். எத்தனை வருடத்தில் முடித்தார்கள் என்று கட்டாயம் கேட்கட்டும்.

அப்புறம், டாக்டர்கள் போடும் எம்.எஸ் வேறு. அது எம்பிபிஎஸ் முடித்தபின் படிக்கும் அறுவை சிகிச்சை மேற்படிப்பு.

அமெரிக்காவில் எம்.டி படித்தவர் நம்மூர் எம்.டி.க்குச் சமமா?

அங்கே மருத்துவராவதற்கான முதல் பட்டமே எம்.டி. நம் எம்பிபிஎஸ்ஸின் இடத்தில் வைத்துப் பாருங்கள். சிறப்புப் பயிற்சி அங்கே ரெசிடென்சி. அதை எங்கே, எந்தத் துறையில் முடித்தார் என்று கேளுங்கள்.

ஆக்ஸ்ஃபோர்டில் படிக்காமலே எம்.ஏ தருகிறார்களாமே?

உண்மைதான். அங்கே பி.ஏ முடித்தவர், சேர்ந்ததிலிருந்து 21 பருவங்கள், அதாவது ஏழு ஆண்டுகள் ஆனதும் எம்.ஏ பெறலாம். கூடுதல் பாடமோ தேர்வோ கிடையாது. கேம்பிரிட்ஜிலும் இப்படி ஒரு வழக்கம் உண்டு. ஸ்காட்லாந்தின் பழைய பல்கலைக்கழகங்களிலோ, கலைப் பாடங்களில் நான்கு வருட இளநிலைப் படிப்புக்கே எம்.ஏ என்று பெயர். வெளிநாட்டு விண்ணப்பத்தைப் பரிசீலிப்பவர்கள் மதிப்பெண் பட்டியலையும் சேர்த்து வாங்கிப் பார்ப்பது நல்லது.