பங்களாதேஷ் சட்டையும் நம்ம நூலும்

கேள்வி: சார், பங்களாதேஷ் ரெடிமேட் துணி லாரில வரக்கூடாதுன்னு நம்ம கவர்மென்ட் தடை போட்டுச்சே, திருப்பூருக்கு லாபம்தானே? அப்புறம் ஏன் சிலர் புலம்பறாங்க? – வாசகி, அவிநாசி

பதில்: லாபம் இருக்குங்க, இல்லேன்னு சொல்லல. ஏழை நாடுங்கற சலுகைல 2011லருந்து அவங்க ரெடிமேடுக்கு இங்க சுங்க வரி கிடையாது, சீனாத் துணிய வாங்கி தச்சு இங்க இறக்கறாங்கன்னு பனியன் கம்பெனிக்காரங்க ரொம்ப நாளா கத்திட்டுதான் இருந்தாங்க. 2025 மே 17ல தரை வழிய அடைச்சு, கொல்கத்தா இல்லேன்னா மும்பை பக்கத்துல இருக்கற நவசேவா துறைமுகத்துலதான் இறக்கணும்னு சொல்லிட்டாங்க. அதாவது சரக்கு வரலாம், ஆனா சுத்தி வரணும், லேட்டாகும், செலவாகும், தீபாவளி முடிஞ்சு வர்ற சட்டைய எந்தக் கடைக்காரர் எடுப்பார்?

ஆனா சண்டை அங்க ஆரம்பிக்கல. அதுக்கு முந்தின மாசம் அவங்க சரக்கு நம்ம ஏர்போர்ட், துறைமுகம் வழியா வேற நாட்டுக்குப் போறத நாம நிறுத்தினோம், ஒரே வாரத்துல அவங்க நம்ம நூல் பெனாபோல் மாதிரி தரை எல்லைல வரக்கூடாதுன்னு போட்டாங்க. இந்திய நூல் மலிவா வந்து எங்க பொழப்ப கெடுக்குதுன்னு அவங்க ஊரு ஸ்பின்னிங் மில்காரங்க கேட்டுக்கிட்டதுதான் அது. இப்ப பாருங்க, திருப்பூருக்கு யாரு போட்டியோ அவங்கதான் நம்ம ஸ்பின்னிங் மில்லுங்களுக்கு பெரிய கஸ்டமர். ஒரே கொங்கு மண்டலத்துல ஒருத்தர் சிரிக்கறாரு, பக்கத்து மில்காரர் தலைல கைய வச்சிருக்காரு. கப்பல் வழி நூலுக்குத் திறந்துதான் இருக்கு, அதனால முழுசா போச்சுன்னு சொல்ல முடியாது.

நிஜமா அடி வாங்கறது எல்லைல இருக்கறவங்க. மேற்கு வங்கத்துல பெட்ராபோல்ல லாரி டிரைவர், லோடுமேன், கிளியரிங் ஏஜென்ட்னு ஊரே அத நம்பித்தான் இருக்கு. திரிபுரால அங்கேர்ந்து வர்ற பிஸ்கட், ஜூஸ், பிளாஸ்டிக் சாமானையும் தரை வழில நிறுத்திட்டாங்க. அகர்தலாக்கு எல்லை கூப்பிடு தூரம், நம்ம நாட்டுக்குள்ளயே கொல்கத்தாலருந்து சிலிகுரி சுத்தி சரக்கு வரணும்னா 1,500 கிலோமீட்டருக்கு மேல. இதெல்லாம் நம்ம டிவில ஒரு வரி கூட வராது.

கேள்வி: சண்டை நின்னா எல்லாம் பழையபடி ஆயிடுமா? – வாசகர், கரூர்

பதில்: சந்தேகம்தான். 2019 செப்டம்பர்ல நாம வெங்காய ஏற்றுமதிய திடீர்னு நிறுத்தினப்ப, அப்ப பங்களாதேஷ் பிரதமரா இருந்த ஷேக் ஹசீனா டெல்லிக்கு வந்து, என் சமையல்காரர்கிட்ட வெங்காயமே போடாதேன்னு சொல்லிட்டேன், முன்கூட்டி சொல்லியிருக்கக் கூடாதான்னு ஹிந்தில சிரிச்சுக்கிட்டே குத்தினாங்க. அவங்க ஆளுங்க எகிப்து, துருக்கின்னு போய் வாங்கினாங்க. நூலுக்கும் பாகிஸ்தான், சீனான்னு கடை இருக்கு, ஒரு தடவ அங்க கணக்கு ஆரம்பிச்சிட்டா நம்மகிட்ட திரும்பி வர விலைய குறைக்கச் சொல்லித்தான் வருவாங்க.